ஐஐஎஸ்சி, ஐசர், ஐஐடி, ஊர்க் கல்லூரி: அறிவியலில் பிடிப்புள்ள பிள்ளையை எங்கே சேர்ப்பது?

ஜூன் மாதம் வந்தால் என் வீட்டுக்கு ஒரே கேள்வியோடு ஆட்கள் வருவார்கள். ஊரில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் என்பதால், யாரோ யாருக்கோ என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஆண்டு ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா ஒரு பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து நான்கு தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஜேஇஇ அட்வான்ஸ்டு ரேங்க், ஐசர் நுழைவுத் தேர்வான ஐஏடியின் ரேங்க், பொறியியல் கலந்தாய்வுக் கட்-ஆஃப், பக்கத்து அரசுக் கல்லூரியின் பி.எஸ்சி. வேதியியல் சேர்க்கைக் கடிதம். "எல்லாம் கிடைக்கும்போலத்தான் இருக்கு சார். எதை எடுக்கிறதுன்னுதான் தெரியலை" என்றார். மகள் அதுவரை வாயைத் திறக்கவில்லை. உனக்கு எதும்மா பிடிக்கும் என்று கேட்டேன். "தெரியலை சார். எல்லாமே பிடிக்கும். லேப்ல இருக்கிறது மட்டும் ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

அவர்களோடு இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அறிவியலிலும் பொறியியலிலும் ஆராய்ச்சி செய்வதற்கென்றே நாடு நடத்துகிற நிறுவனங்கள் (பெங்களூரு இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சி, இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்கள், ஐஐடிகள்) ஒரு பக்கம், நமக்குப் பக்கத்தில் இருக்கும் வழிகள் இன்னொரு பக்கம். இரண்டிலிருந்தும் நம் பிள்ளைகள் நல்ல நிலைக்கு வந்திருக்கிறார்கள். யாருக்கு எது பொருந்தும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

## எதையெல்லாம் வைத்து அளப்பது?

"எது பெரிய காலேஜ்?" என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைப்போம். நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, எந்தப் பாடம் என்பதை எப்போது முடிவு செய்ய வேண்டும்? 17 வயதில் இயற்பியல்தான் உயிர் என்று சொன்ன பிள்ளை 19 வயதில் உயிரியல் பக்கம் போவது சாதாரணம். ஜி.என்.ராமச்சந்திரன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கத்தான் சேர்ந்தார். அங்கே சி.வி.ராமனிடம் போய் இயற்பியலுக்கே திரும்பினார். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகளாக முறுக்கிக்கொண்டு இருப்பதைக் கண்டுபிடித்தார். புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் இன்றைக்குப் புரத அமைப்பைப் பற்றிப் பாடமே நடத்த முடியாது. இத்தனை முறை பாதை மாற அவருக்கு இடம் கிடைத்தது. உங்கள் பிள்ளைக்கு அந்த இடம் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள்.

இரண்டாவது, உண்மையான ஆராய்ச்சி எத்தனையாவது ஆண்டில் கைக்கு வரும்? பாடப்புத்தகச் சோதனைக்கு விடை முன்கூட்டியே தெரியும். ஆராய்ச்சியில் தெரியாது. என் மாணவன் ஒருவன் கோடை விடுமுறையில் ஒரு ஆய்வகத்தில் லேசர் ஒளியின் அளவைப் பதிவு செய்துகொண்டிருந்தான். பதிவில் ஒரு அலை நெளிந்துகொண்டே இருந்தது. மூன்று வாரம் கண்ணாடிகளை மாற்றினான், கம்பிகளை மாற்றினான், போகவில்லை. கடைசியில் அதன் அதிர்வெண்ணை எண்ணிப் பார்த்தால் சரியாக 100 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தலைக்கு மேலே இருந்த டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மினுங்கிக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்தான், அலை போய்விட்டது. இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் இவன் இந்த வழிக்கு ஆள் என்று நினைத்தேன். "மூணு வாரம் வீணாப்போச்சே" என்று நினைக்கிற பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. அதற்கு வேறு வழி நல்லது.

மூன்றாவது, செலவும் காத்திருப்பும். கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆராய்ச்சி என்று போனால் இளநிலை, முதுநிலை, பிஎச்.டி. எல்லாம் முடிய 27, 28 வயது ஆகும். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சிப் பணி. நிலையான வேலை வர முப்பதைத் தாண்டும். ஆனால் பல பெற்றோருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிஎச்.டி. படிக்கும்போது உதவித்தொகை கிடைத்தால் மாதாமாதம் பணம் கையில் வரும். மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி.

நான்காவது, மனம் மாறினால் வெளியே போக வழி இருக்கிறதா? ஐந்தாவது, உள்ளே நுழைய எந்தத் தேர்வு, எந்த மொழியில்? பெற்றோர்கள் மூன்றையும் ஐந்தையும்தான் பெரிதாகப் பார்ப்பார்கள். நான் முதலாவதையும் நான்காவதையும் பார்ப்பேன். பிள்ளைகள் தடுமாறி நிற்பதை நான் பார்த்த இடங்கள் அவைதான்.

| | ஐஐஎஸ்சி பி.எஸ். | ஐசர் பி.எஸ்-எம்.எஸ். | ஐஐடி பி.டெக். | மாநிலப் பொறியியல் பி.இ. | பி.எஸ்சி., பிறகு எம்.எஸ்சி. |
|---|---|---|---|---|---|
| ஆண்டுகள் | 4, விரும்பினால் 5 | 5 | 4 | 4 | 3 + 2 |
| நுழைவு | ஜேஇஇ அட்வான்ஸ்டு, ஐஏடி போன்ற தேர்வுகளின் மதிப்பெண் | ஐஏடி | ஜேஇஇ மெயின், பிறகு அட்வான்ஸ்டு | பிளஸ் டூ கட்-ஆஃப் | பிளஸ் டூ மதிப்பெண், பிறகு எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு |
| பாடம் முடிவாகும் நேரம் | மூன்று பருவம் கழித்து | ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்து | சேரும் நாளில் | சேரும் நாளில் | சேரும் நாளில் |
| ஆராய்ச்சி வாய்ப்பு | மிக அதிகம் | மிக அதிகம் | தேடிப் போனால் உண்டு | குறைவு | குறைவு, கோடையில் தேடலாம் |
| படித்த உடனே வேலை | கொஞ்சம் | குறைவு | அதிகம் | கல்லூரியையும் துறையையும் பொறுத்தது | குறைவு |

## பெங்களூரு ஐஐஎஸ்சி

1909இல் தொடங்கியது. ஜாம்ஷெட்ஜி டாட்டா கனவு கண்டது, மைசூர் மகாராஜா 371 ஏக்கர் நிலம் கொடுத்தது, ராமன் 1933இல் அதன் முதல் இந்திய இயக்குநரானது எல்லாம் பலரும் அறிந்ததுதான். நமக்கு முக்கியமானது வேறு. நூறு ஆண்டுக்கும் மேலாக இது மேல்படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமான இடமாகவே இருந்தது. பிளஸ் டூ முடித்தவர்களை 2011இல்தான் உள்ளே விட்டார்கள். அதுவும் ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் பேரை மட்டும்.

அதனால் உங்கள் பிள்ளை அங்கே போனால் பிஎச்.டி. மாணவர்களுக்கு நடுவில் வாழும். கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஐந்தாவது ஆண்டாக ஒரே மூலக்கூறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவராக இருப்பார். 18 வயதில் அதைப் பார்ப்பது பெரிய படிப்பு. ஆராய்ச்சி என்றால் என்ன, அதன் அலுப்பு என்ன, அதன் ருசி என்ன என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

முதல் மூன்று பருவங்கள் எல்லோருக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் எல்லாம் உண்டு. பொறியியலும் கலைப்புலப் (ஹியூமானிட்டீஸ்) பாடங்களும் சேர்ந்து வரும். பிறகு உயிரியல், வேதியியல், புவி மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல், பொருளறிவியல், கணிதம், இயற்பியல் என்ற ஆறில் ஒன்றை முதன்மைப் பாடமாக எடுக்க வேண்டும். கடைசியில் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுத வேண்டும். விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் இருந்து முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வரலாம். நான்கு ஆண்டுப் பட்டம் என்பதால் வெளிநாட்டில் நேராகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிப்பதும் எளிது. மூன்று ஆண்டு பி.எஸ்சி. படித்தவருக்கு அந்த இடத்தில்தான் இழுபறி வரும்.

கல்விக் கட்டணம் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவில்தான். விடுதியும் சாப்பாடும் சேர்த்தாலும் பல தனியார் பள்ளிகளின் பிளஸ் டூ கட்டணத்தைவிடக் குறைவு.

வெளியே தெரியாத விலை வேறு இடத்தில் இருக்கிறது. முதலில், அந்த வகுப்பில் எல்லோருமே அவரவர் பள்ளியில் முதல் மாணவர்கள். முதல் பருவத்தில் பி கிரேடு வாங்குவது தமிழ்நாட்டில் 590 எடுத்த பிள்ளைக்கு இடி விழுந்த மாதிரி இருக்கும். வீட்டில் அதற்குத் தயாராக இருங்கள். போன் போட்டு "என்ன மார்க்?" என்று கேட்காதீர்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அடுத்தது, பி.எஸ். பட்டம் பொறியியல் பட்டம் ஆகாது. பி.இ. அல்லது பி.டெக். கேட்கிற அரசு வேலைகளுக்கும் பொறியியல் பணித் தேர்வுக்கும் அதை வைத்து விண்ணப்பிக்க முடியாது. கணினியில்தான் நாட்டம் என்றால் அங்கேயே 2022இல் தொடங்கிய கணிதமும் கணிப்பியலும் பி.டெக். இருக்கிறது. ஜேஇஇ அட்வான்ஸ்டு வழியாக மட்டும்தான் இடம், போட்டியும் மிகக் கடுமை.

சேர்க்கை முறையிலும் ஒரு எச்சரிக்கை. முன்பு கேவிபிஒய் தேர்வு எழுதி நுழைந்த அண்ணன், அக்காக்கள் சொல்வதை வைத்துத் திட்டம் போடாதீர்கள். அந்தத் தேர்வு 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். இன்னொன்று, தேர்வு எழுதினால் மட்டும் போதாது. ஐஐஎஸ்சி தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நல்ல ரேங்க் எடுத்தும் விண்ணப்பிக்கும் நாளைத் தவறவிட்ட பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் என்னிடம் வருகிறார்கள். அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை.

யாருக்கு இது சரி? அறிவியல்தான் என்பதில் உறுதி, எந்த அறிவியல் என்பதில் குழப்பம், வகுப்பில் பின்தங்கினாலும் சோர்ந்துபோகாத மனம். இந்த மூன்றும் இருந்து இடமும் கிடைத்தால் நான் வேறு எதையும் யோசிக்கச் சொல்ல மாட்டேன்.

## ஐசர்கள்

நம் ஊரில் குறைவாகத் தெரிந்த, ஆனால் நான் அதிகம் பரிந்துரைக்கும் இடம் இது. புனேயும் கொல்கத்தாவும் 2006இல் வந்தன. மொஹாலி 2007. போபாலும் திருவனந்தபுரமும் 2008. திருப்பதி 2015, பெர்ஹாம்பூர் 2016. மொத்தம் ஏழு. ஐந்து ஆண்டுகள் படித்தால் பி.எஸ்., எம்.எஸ். இரண்டு பட்டமும் சேர்ந்து கிடைக்கும். தொடக்கத்தில் எல்லோருக்கும் எல்லா அறிவியல் பாடங்களும். ஐந்தாவது ஆண்டு முழுக்க ஆய்வேடு.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வளாகங்கள் பக்கம். தென் மாவட்டங்களுக்குத் திருவனந்தபுரம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் விதுரா என்ற இடத்தில் இருக்கிறது. வட மாவட்டங்களுக்குத் திருப்பதி. ஏர்ப்பேடு பக்கம், சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

ஐஏடி தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மொத்தம் 60 கேள்விகள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. மூன்று மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும். நான்கு பாடங்களும் சம எடை என்பதால் நீட்டுக்குப் படித்து மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளைக்கும் இங்கே கதவு திறந்தே இருக்கிறது. கணிதம் எடுக்காத பயாலஜி மாணவி கணிதப் பகுதியை விட்டுவிட்டுக்கூட நல்ல ரேங்க் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உள்ளே போனதும் கணிதம் விடாது. முதல் ஆண்டில் அந்த மாணவி பட்ட பாடும் எனக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்த விடுமுறையிலேயே நுண்கணிதத்தைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள்.

பணம் என்று பார்த்தால் கட்டணம் ஐஐஎஸ்சியைவிட அதிகம், ஐஐடியைவிடக் குறைவு. இன்ஸ்பயர் உதவித்தொகை கிடைத்தால் பெரும்பகுதி சமாளித்துவிடலாம். பிளஸ் டூ வாரியத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்களும், ஜேஇஇ, நீட் போன்ற தேர்வுகளில் முதல் பத்தாயிரம் ரேங்குக்குள் வந்தவர்களும் அடிப்படை அறிவியல் படித்தால் இதற்குத் தகுதி பெறுவார்கள். ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 ரூபாய் உதவித்தொகை, 20,000 ரூபாய் கோடை ஆராய்ச்சிக்கு. ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தாலும் உண்டு, பொறியியலுக்கு இல்லை. ஆண்டு மதிப்பெண்ணை அனுப்பிய பிறகுதான் தொகை வரும் என்பதால் முதல் ஆண்டுச் செலவுக்கு அதை நம்பி நிற்காதீர்கள். அந்தப் பணத்தைத் தனியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

குறை என்று பார்த்தால் ஐந்து ஆண்டு என்பதே ஒரு விலைதான். மூன்றாவது ஆண்டில் ஆராய்ச்சி நமக்கு ஒத்துவராது என்று தோன்றினால் வேலைக்குப் போக வளாக நேர்காணல்கள் ஐஐடி அளவுக்கு இருக்காது. அந்தப் பிள்ளை தானாகவே புள்ளியியலோ நிரலாக்கமோ கற்று, தானாகவே இன்டர்ன்ஷிப் தேட வேண்டும். அப்படிப் போய் நன்றாக இருப்பவர்கள் உண்டு, ஆனால் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஆள் இருக்காது.

இதே மாதிரி இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. புவனேஸ்வரத்தில் நைசர், மும்பையில் செப்ஸ். இரண்டும் 2007இல் வந்தவை, அணுசக்தித் துறையின் அரவணைப்பில் இருப்பவை. நெஸ்ட் என்ற தேர்வு எழுதினால் ஐந்து ஆண்டு எம்.எஸ்சி. கிடைக்கும். ஐஏடிக்குப் படிக்கிறவர்கள் இதையும் எழுதிவிடுவது நல்லது. கணிதம் மட்டும்தான் என்று நிற்கும் பிள்ளைக்கு இவை எதுவும் வேண்டாம். சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதச் சொல்லுங்கள்.

## ஐஐடி பி.டெக்.

1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்த சென்னை ஐஐடியைப் பற்றி நம் வீடுகளில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைவாய்ப்பில் இந்தப் பட்டியலில் அதற்கு ஈடு கிடையாது. மனம் மாறினாலும் நிர்வாகம், நிதி, மென்பொருள், குடிமைப் பணி என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

ஆனால் இங்கே துறையை முடிவு செய்வது பிள்ளையின் ரேங்க்தான். வேதியியல் பிடிக்கும் என்று உலோகவியல் எடுப்பதும், கணினி கிடைக்காமல் கட்டடவியல் எடுப்பதும் ஒரே கலந்தாய்வு அறையில் நடக்கிறது. முதல் ஆண்டு முடிவில் துறை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். சில ஐஐடிகள் அந்த வசதியை எடுத்தேவிட்டன, இருக்கிற இடத்திலும் வகுப்பின் முதல் சிலருக்குத்தான். "உள்ளே போய் மாத்திக்கலாம்" என்ற நம்பிக்கையில் பிடிக்காத துறையை எடுக்காதீர்கள். அந்த ஒரு ஆண்டு பிள்ளை மதிப்பெண்ணுக்காக மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

கட்டணத்துக்கு வருவோம். 2016இல் ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய் ஆக்கினார்கள். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் என்றால் மற்றவர்களுக்கும் முழுத் தள்ளுபடி. ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. இடையில் மாட்டிக்கொள்வது ஆறு, ஏழு லட்சம் சம்பாதிக்கிற வீடுகள்தான். அவர்கள் கல்விக் கடன் வாங்குவார்கள். இதைப் பெற்றோரிடம் நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன்: ஆராய்ச்சிக்குப் போக ஆசை இருந்தும் கடன் தவணைக்காகக் கிடைத்த வேலையில் சேர்ந்த பிள்ளைகள் எனக்குத் தெரியும். 37,000 ரூபாய் உதவித்தொகையில் தவணையும் கட்டி, வாடகையும் கொடுத்து, வீட்டுக்கும் அனுப்ப முடியாது. எட்டு லட்சம் கடன் வாங்கும்போதே நான்கு ஆண்டு கழித்து எந்த முடிவு எடுக்கப்போகிறோம் என்பதில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

ஆராய்ச்சி அங்கே இல்லை என்று சொல்லவில்லை. தேடிப் போகிற மாணவனுக்கு முதல் தரமான ஆய்வகங்கள் இருக்கின்றன. பொறியியல் இயற்பியல் போன்ற துறைகள் கிடைத்தால் இரண்டுக்கும் நடுவில் நல்ல பாலம். மூன்றாவது ஆண்டில் விடுதி முழுக்க வேலை நேர்காணல் பேச்சாகவே இருக்கும்போது தனியாக ஆய்வகத்துக்கு நடந்து போகிற பிடிவாதம்தான் வேண்டும்.

மொழி விஷயம் ஒன்று. ஜேஇஇ மெயின் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான், ஐஏடியும் அப்படித்தான். தமிழ்வழிப் பிள்ளை பிளஸ் ஒன்னிலிருந்தே இரண்டு மொழியிலும் கலைச்சொற்களைப் பழக வேண்டும்.

## அண்ணா பல்கலையும் மாநிலப் பொறியியல் கல்லூரிகளும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நம் மக்களுக்கு அதிகம் தெரிந்த வழி. நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப். மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீடு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அவர்களுடைய கட்டணத்தை அரசே கட்டுகிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். பெயர் தெரியாத தனியார் கல்லூரி என்றால் ஆராய்ச்சிக் கனவோடு அங்கே போவதில் அர்த்தமில்லை.

ஆனால் இங்கிருந்து மேலே ஏறும் படி வலுவானது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் டிப்ளமோ படித்து, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. முடித்து, திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி என்று மேலே போனவர். கேட் தேர்வு எழுதி ஐஐஎஸ்சியிலோ ஐஐடியிலோ எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் வரும். கருவி செய்வதில், இயந்திரத்தைப் பிரிப்பதில் ஆசையுள்ள பிள்ளைக்கு, வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் தேவை என்ற நிலையும் இருந்தால், இதுவே சரியான வழி.

ஒரு எச்சரிக்கை. கலந்தாய்வுக்கு முன்பே "சீட் போயிடும்" என்று பயமுறுத்தி அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்ட கல்லூரியிடம் என் மாணவி ஒருத்தி மாட்டினாள். அவளுக்கு ஐசரில் இடம் வந்தபோது மாற்றுச் சான்றிதழைத் திரும்ப வாங்க பத்து நாள் அலைந்தோம். அசல் எதையும் கடைசி முடிவுக்கு முன் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

## ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி., அப்புறம் பெரிய இடம்

நான் வந்த வழி இது. அதனால் கொஞ்சம் பாசம் உண்டு, மறைக்கவில்லை.

மாவட்டத் தலைநகர் அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. மூன்றாவது ஆண்டில் ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி., ஐஐஎஸ்சியில் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த படிப்பு என்று கதவுகள் திறக்கும். பிளஸ் டூவில் கோச்சிங் இல்லாததால் தவறிப்போன பிள்ளைக்கு மூன்று ஆண்டு கழித்து இன்னொரு வாய்ப்பு என்பது சின்ன விஷயம் இல்லை. இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டுத்தான் சென்னை எம்ஐடிக்கும் பிறகு ஐஐஎஸ்சிக்கும் போனார்.

விலை என்ன? பாடத்திட்டத்துக்கும் ஜாமுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. கல்லூரியில் நோட்ஸ் மனப்பாடம் செய்தால் பல்கலைத் தேர்வில் 80 சதவீதம் வரும், ஜாமில் ஒன்றும் வராது. அந்த இடைவெளியைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும். கேட்க ஆள் இல்லாமல் ஒரு கணக்கோடு ஒரு வாரம் கிடந்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டு விடுமுறைக்கு இந்திய அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்தால் இரண்டு மாதம் ஒரு பெரிய ஆய்வகத்தில் இருக்கலாம், மேலே சொன்ன டியூப் லைட் மாணவன் அப்படிப் போனவன்தான்.

கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் வேறு திசையில் போகும்போது தானாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்த வழி போதும். நண்பர்கள் படித்தால்தான் படிப்பேன் என்கிற பிள்ளையை இங்கே விடாதீர்கள். அதற்கு ஐசர்தான்.

## எல்லோரும் கோட்டை விடுகிற ஒரு தாள்

மேலே சொன்ன மத்திய நிறுவனங்களில் ஓபிசிக்கு 27, எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5, பொதுப்பிரிவில் நலிந்தோருக்கு 10 சதவீத இடங்கள். நம் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதியான பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். ஐஐடி கலந்தாய்வுக்கு அது அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கிற எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் பொதுப்பிரிவில் போட்டியிட்டு இடத்தை இழப்பது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

அதோடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் சேர்ந்தால் இளநிலைப் படிப்புச் செலவை ஏற்கும் திட்டம் தமிழ்நாடு அரசிடம் இருக்கிறது. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டே கடனுக்குப் போங்கள்.

## அந்த மேசைக்கே திரும்புவோம்

அந்தப் பெண்ணின் ஜேஇஇ ரேங்குக்கு வரக்கூடிய ஐஐடி துறைகளைப் பார்த்தோம். எதிலும் அவளுக்கு ஆசை இல்லை. அப்பாவின் வருமானத்துக்குக் கட்டணத் தள்ளுபடியும் வராது. ஐஐஎஸ்சிக்கு விண்ணப்பித்திருந்தாலும் ரேங்க் எட்டுமா என்பது சந்தேகம். ஐசரில் இடம் வரும். பாடம் இன்னும் முடிவாகவில்லை, லேப் பிடிக்கும் என்று அவளே சொல்லிவிட்டாள். திருவனந்தபுரம் முதல் விருப்பம், திருப்பதி இரண்டாவது என்று எழுதினோம். கிண்டியில் வேதிப்பொறியியல் வந்தால் அதைக் கையில் வைத்திருப்பது, ஐசர் இடம் உறுதியானதும் விடுவது என்று முடிவானது. பி.எஸ்சி. கடிதத்தை அப்பா மடித்து ஃபைலில் வைத்தார். ஓபிசி சான்றிதழ் அவர்களிடம் இல்லை. மறுநாள் காலையிலேயே இ-சேவை மையத்துக்குப் போகச் சொன்னேன்.

செருப்பு மாட்டும்போது அவள் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அங்கே லேப்ல தனியா வேலை செய்ய விடுவாங்களா சார்?"

"முதல் வருஷம் விட மாட்டாங்க. கடைசி வருஷம் சாவியையே உன் கையில கொடுத்துடுவாங்க" என்றேன்.